இறால் நாற்றங்கால்

பொரிப்பகத்திலிருந்து வரும் இறால் குஞ்சுகளை வளர்ப்புக் குளத்தில் விடுவதற்கு முன், மூன்று நான்கு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துத் தேற்றும் அமைப்பு இறால் நாற்றங்கால் எனப்படும். கடா, பேராக், சிலாங்கூர், ஜொகூர் முதலிய மலேசியக் கரையோரப் பண்ணைகளில் முதலில் புலி இறாலும், 2000க்குப் பின் பெருமளவில் வனாமி இறாலும் வளர்க்கப்பட்டு வருகின்றன. குஞ்சுகளை நேரே குளத்தில் கொட்டுவதே நெடுநாள் வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கம் ஆட்டங்கண்டதற்கு இ.எம்.எஸ். என்ற நோய் ஒரு முக்கியக் காரணம். 2009 வாக்கில் சீனாவில் தலைகாட்டிய இந்நோய் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மலேசியாவை எட்டியது. 2012இல் தாய்லாந்தைத் தாக்கியது. குளத்தில் விட்ட முப்பது, முப்பத்தைந்து நாள்களுக்குள் இறால்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. விப்ரியோ பாராஹீமோலைட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு வகை, இறாலின் கல்லீரல்-கணையத்தை அழிப்பதே காரணம் என்று அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழுவினர் 2013இல் கண்டறிந்தனர். முதல் மாதத்தைக் கண்காணிப்பில் கடத்திவிட்டால் பெரிய இழப்பைக் குறைக்கலாம் என்பதால் நாற்றங்காலின் தேவை கூடியது.

முட்டை பொரிந்ததும் இறால் நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் என்ற நிலைகளைக் கடந்து பி.எல். எனப்படும் பின்குஞ்சாகிறது. அந்நிலையை அடைந்து 10 முதல் 12 நாள் ஆன, சில மில்லிகிராம் எடையே உள்ள குஞ்சுகள்தாம் பண்ணைக்கு வருகின்றன. தேர்வு இங்கே மிக முக்கியம். வட்டப் பாத்திரத்தில் குஞ்சுகளை விட்டுத் தண்ணீரைக் கையால் சுழற்றினால், திடமானவை ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். நலிந்தவை நடுவில் குவியும். நுண்ணோக்கியில் வயிற்றின் ஆறாவது கணுவைப் பார்த்தால், தசை குடலைப் போல நான்கு மடங்காவது தடித்திருக்க வேண்டும். குடல் உணவு நிறைந்து கருங்கோடாகத் தெரிவதும் நல்ல அறிகுறி.

குஞ்சுப் பைகளை முதலில் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, பிறகு தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து குஞ்சுகளை அதன் உப்புக்குப் பழக்க வேண்டும். மழை கொட்டும் மாதங்களில் கழிமுகத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடுவதால் இதில் அவசரப்படுவது ஆபத்து.

வளர்ப்புக் குளங்களில் குஞ்சுகள் ஓரளவு இடைவெளியோடு விடப்படுகின்றன. நாற்றங்காலிலோ ஒரு கன மீட்டர் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் விடப்படுகின்றன. அத்தனை நெருக்கத்தில் மிஞ்சிய தீவனமும் கழிவும் அம்மோனியாவாக மாறி உயிரைக் குடிக்கும். வெல்லப்பாகுக் கழிவைத் தண்ணீரில் ஊற்றிப் பாக்டீரியாக்களைப் பெருக்கினால், அவை அம்மோனியாவை உண்டு பழுப்புத் துகள்களாகத் திரளும். அத்துகள்கள் குஞ்சுக்கும் இரையாகும். பயோஃப்ளாக் எனப்படும் இம்முறையில் காற்றூட்டல் ஒரு கணமும் நிற்கலாகாது. மின்சாரம் போய் மாற்று இயந்திரம் ஓடாவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொட்டி முழுதும் சாகக்கூடும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், வெப்பம் 28 முதல் 30 பாகைக்குள்ளும் இருப்பது நல்லது.

நன்னீர் இறாலுக்கும் நாற்றங்கால் உண்டு; அதன் வரலாற்றில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. ஊடாங் காலா எனப்படும் பெரிய ஆற்று இறாலின் இளவுயிரிகள் உவர்நீரில்தான் பிழைக்கும் என்பதை ஷாவ் வென் லிங் 1961இல் பினாங்கில் கண்டறிந்தார். உலகெங்கும் அவ்வினத்தை வளர்க்க வழி திறந்தது அதுவே. தோலுரித்த குஞ்சை மற்றவை தின்றுவிடுவதால், அதன் நாற்றங்கால் தொட்டிகளில் வலைகளைத் தொங்கவிட்டு ஒதுங்க இடம் தருகின்றனர்.

வனாமிக் குஞ்சுகள் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை வளர்ந்ததும், இயன்றவரை வலையால் அள்ளாமல், சரிவான குழாய் வழியே தண்ணீரோடு குளத்துக்கு மாற்றப்படுகின்றன. குளத்தில் இருக்கும் நாள் குறைவதால் ஆண்டுக்குக் கூடுதல் அறுவடை கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் நோயோடு வந்த குஞ்சை நாற்றங்கால் குணப்படுத்தாது. வளர்ச்சியை முடக்கும் இ.எச்.பி. ஒட்டுண்ணிக்கு நம்பத்தக்க மருந்து இல்லாததால், பி.சி.ஆர். சோதனையில் தேறாத குஞ்சைத் தொட்டியில் இறக்கவே கூடாது.