அப்பாவின் வயிறும் ஒரு சுருள் கிருமியும்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீடே அப்பாவின் அல்சருக்குப் பயந்து நடந்தது. "அவர் டென்ஷன் ஆகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்பாள் அம்மா. டிவி சத்தத்தைக் குறைப்போம். ஆனாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை வலி திரும்பிவிடும். இந்த முறை யார் அவரைக் கோபப்படுத்தியது என்று வீட்டுக்குள் விசாரணை நடக்கும். கணக்கில் நான் 38 வாங்கிய வாரம் அவர் ரத்த வாந்தி எடுத்தார். ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டை ஒளித்துத்தான் வைத்திருந்தேன். எப்படியோ பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் குண்டு பாய்ந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் வயிற்றில் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் அதன் வழியே வருடக்கணக்கில் உள்ளே பார்த்தார். ஆள் கோபப்பட்டால் செரிமானம் கெடுவதைக் குறித்துவைத்தார். அதுவரை சரி. 1950இல் சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் இன்னும் ஒரு படி போனார். அன்புக்கு ஏங்கி, அதை வெளியே காட்டாமல் அமுக்குகிறவருக்கு அல்சர் வரும் என்றார். நோய் இப்போது குணக்கேடு ஆகிவிட்டது.

1958இல் ஜோசப் பிரேடியின் குரங்குகள் வந்தன. லீவரை அழுத்தி மின்னதிர்ச்சியைத் தடுக்கும் பொறுப்பிலிருந்த குரங்குக்கு அல்சர்; சும்மா உட்கார்ந்திருந்ததற்கு இல்லை. 'மேனேஜர் நோய்' என்று உலகம் தலையாட்டியது. ஆனால் வேகமாகக் கற்றுக்கொண்ட குரங்குகளைத்தான் லீவரில் உட்கார வைத்திருந்தார்கள். என் வேலையில் இதை டெஸ்ட் டேட்டாவிலேயே பக் என்போம். பின்னர் ஜே வைஸ் எலிகளில் செய்து பார்த்தபோது முடிவு தலைகீழாக வந்தது: கட்டுப்பாடு கையில் இருந்த எலிக்குத்தான் புண் குறைவு.

1982இல் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அல்சர் நோயாளிகளின் வயிற்றிலிருந்த சுருள் வடிவக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்தே பார்த்தார், வயிறு அழன்றது. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டும் என்று 1994இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. 2005இல் இருவருக்கும் நோபல். அந்த மாத்திரை எங்கள் ஊருக்கு வர 2001 ஆனது. இரண்டே வாரம். அப்பாவுக்கு அல்சர் திரும்பவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன், போன வருடம் எனக்கே அல்சர் வராமல் இருந்திருந்தால். டெஸ்ட்டில் கிருமி இல்லை. ஆறியது, ரிலீஸ் வாரத்தில் திரும்ப வந்தது. எத்தனை வலி மாத்திரை, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று டாக்டர் கேட்டார். மறுபடி படிக்க உட்கார்ந்தேன்.

கிருமி உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் வயிற்றில் இருக்கிறது. பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை. 1995இல் கோபே பூகம்பத்துக்குப் பிறகு அங்கே அல்சர் கூடியது. 1988இல் மான்செஸ்டரில், அல்சர் ஆறிய 30 பேரில் பாதிப் பேருக்கு ஹிப்னோதெரபி கொடுத்தார்கள். மருந்தை நிறுத்தி ஒரு வருடத்தில், தெரபி இல்லாத 15 பேருக்கும் புண் திரும்பியது. தெரபி பெற்றவர்களில் 8 பேருக்கு. சின்ன ஆய்வுதான். நார்வேயில் வேறுவகை உளச்சிகிச்சையை முயன்றபோது அது திரும்பி வருவதைத் தடுக்கவில்லை. ஆக, மனஅழுத்தம் பொய்யில்லை. ஆனால் அது ஒருவர் சுமக்கும் பாரம், அவருடைய குணமல்ல. பாரத்தை இறக்க உதவலாம். அதற்காக மருந்தை நிறுத்தவோ, ஆளைக் குற்றவாளி ஆக்கவோ கூடாது.

போன மாதம் அப்பாவிடம் அந்த 38ஐப் பற்றிச் சொன்னேன்.

"முப்பத்தெட்டா? எந்த வருஷம்டா?" என்றார். அவர் அதைப் பார்க்கவே இல்லை.