இசையாக்கக் கல்வி (சென்னை, மேல்நிலை வகுப்பு)

இசையாக்கக் கல்வி என்பது, பிறர் இயற்றிய உருப்படியைப் பாடவும் வாசிக்கவும் பழக்குவதோடு நில்லாமல், புதிய உருப்படி ஒன்றை மாணவர் தாமே அமைக்கவும், அதைக் குறியீட்டிலோ ஒலிப்பதிவிலோ நிலைநிறுத்தவும் கற்பிப்பதாகும். சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வயதினருக்கு அது கிடைத்துவந்த வழிகள் இங்கே கூறப்படுகின்றன. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தோன்றியது 1978-இல். அதற்கு முற்பட்ட செய்திகள் அவ்வயதினரைப் பற்றியனவே அன்றி அவ்வகுப்பைப் பற்றியன அல்ல.

கர்நாடக இசையில் 'பாடம்' என்ற சொல்லே குரு பாடியதை மாறாமல் வாங்கிக்கொள்வதைக் குறிக்கும். 'யாரிடம் பாடம்?' என்று கேட்பதும், 'நல்ல பாடாந்தரம்' என்று மெச்சுவதும் அதனால்தான். ஆகவே இயற்றுதல் இந்நகரில் நேராகக் கற்பிக்கப்பட்டது குறைவு. வேறொன்றைக் கற்பிக்கும்போது கூடவே வந்து சேர்ந்ததுதான் மிகுதி.

வகைப்பாடு

13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், பாட்டின் சொற்பகுதியை மாது என்றும் இசைப்பகுதியை தாது என்றும் பிரிக்கிறது. வாக்கு, கேயம் இரண்டையும் ஆக்குபவர் வாக்கேயகாரர். இரண்டிலும் வல்லவர் உத்தமர். தாதுவில் தேர்ந்து மாதுவில் தளர்ந்தவர் மத்திமர். சொல் அழகாக அமைந்தும் இசை சோடை போனால் அதமர். பிறருடைய மெட்டுக்குச் சொல் மட்டும் இடுபவருக்குக் குட்டிகாரர் என்று தனிப்பெயர் உண்டு.

இவ்வரிசையில் திருவாரூர் மும்மூர்த்திகள் முதல் வகையினர் என்பதில் ஐயமில்லை. மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனை நடத்திய பாபநாசம் சிவனும் (1890–1973) அவ்வகையினரே. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் பாடிக்காட்ட, அந்தச் சந்தத்துக்குச் சொல் இடும் கோடம்பாக்கத்துத் திரைப்பாடலாசிரியர், சாரங்கதேவர் கணக்கில் குட்டிகாரர் ஆவார்; இதைக் கேட்டு எந்தக் கவிஞரும் மகிழமாட்டார். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த பெ. தூரன் பள்ளி ஆசிரியராகவும் கீர்த்தனை இயற்றியவராகவும் இருந்தார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

இப்பகுப்பு வகுப்பறைக்கு இன்றும் உதவும். புதிதாக எழுதும் மாணவர் சொல்லில் தடுக்குகிறாரா மெட்டில் தடுக்குகிறாரா என்பதை ஆசிரியர் பிரித்துப் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. வாக்கேயகாரர் பிறவியிலேயே அமைபவர், பயிற்றி ஆக்கப்படுபவர் அல்லர் என்னும் கொள்கை வித்துவான்களிடையே உண்டு. கீழ்வரும் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

குறியீடு

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஏறும் பயிற்சிமுறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டினரான புரந்தரதாசர் என்பது மரபு. அம்முறை செவியையும் தொண்டையையும் பழக்குவது; எழுத்து அதில் நினைவுக்குறிப்பே. எழுத்து முதன்மை பெற்றது அச்சு வந்தபின். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர்கள் தெலுங்கு எழுத்தில் சுரப்படுத்திய பாடநூல்களை வரிசையாக வெளியிட்டனர். 1892 முதல் ஏ.எம். சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஐந்துகோட்டு மேலைக் குறியீட்டில் அச்சிடலானார். சுரக்குறிப்பு வேண்டி எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரை நாடியவரும் அவரே. அத்தொடர்பின் பயனாக 1904-இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வெளிவந்தது.

இந்நூலின் சிறப்பு கமகக் குறிகள். எந்தச் சுரத்தை எப்படி அசைப்பது, எங்கிருந்து வழுக்கி இறங்குவது என்பதற்குத் தனித்தனி அடையாளம் வகுத்து, சுரத்தின் தலைமேல் இட்டார் தீட்சிதர். அச்சுக்கோப்பவருக்கு அது எத்தகைய தொல்லையாக இருந்திருக்கும் என்பதை நூலைத் திறந்து பார்த்தாலே உணரலாம். பின்னர் சென்னை சங்கீத வித்வத் சபை அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர், தொடக்க மாணவருக்கென்று தாமே தமிழில் கீதங்கள் இயற்றிச் சுரப்படுத்தி வெளியிட்டார். கற்பிப்பதற்காகவே இயற்றுதல் என்னும் வழக்கத்துக்கு இது நல்ல சான்று.

பாடலை எழுத்தாகப் பார்த்தவருக்கே அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. பிரித்துப் பார்த்தவரே புதிதாகக் கோக்கத் துணிந்தார்.

கல்லூரிகள்

1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டின் விளைவாக வித்வத் சபை 1928-இல் தோன்றியது. 1931-இல் அது இசையாசிரியர் கல்லூரியைத் தொடங்கியது. முதல்வர் டைகர் வரதாச்சாரியார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்திய இசைத் துறையை நிறுவியது. இக்காலத்தின் மைய உருவம் பி. சாம்பமூர்த்தி (1901–1973). 1930களின் தொடக்கத்தில் மியூனிக் நகருக்குச் சென்று மேலை இசையியலைக் கற்று வந்தவர். ஆங்கிலத்தில் ஆறு பகுதிகளாக அவர் எழுதிய தென்னிந்திய இசை நூல் பாடநூலாகப் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டது. இசையாசிரியருக்கென்று கற்பித்தல் முறை நூலும் எழுதினார். இசை எழுத்துத் தேர்வுக்கு உரிய பாடமானதில் அவர் பங்கு பெரிது. அதனால் இசை வறண்டது என்ற குறையும் உண்டு. அது மிகைப்பட்ட கூற்று.

1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய அரசு இசைக் கல்லூரி, பின்னர் அடையாற்றங்கரையிலுள்ள பழைய பிராடி மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1936-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் இயற்றுதல் கண்முன்னே நடந்தது. இராமாயண நாட்டிய நாடகங்களுக்கு மைசூர் வாசுதேவாச்சாரியார் இசை அமைத்தார். 1961-இல் வாசுதேவாச்சாரியார் மறைந்தபின் அவருடைய பேரன் எஸ். ராஜாராம் எஞ்சியதை முடித்தார். ஒத்திகைக்கு வந்த இளம் மாணவர் ஒரு காட்சிக்கு ராகம் தேர்வதையும், அடவுக்கு ஏற்பச் சுரம் குறைவதையும் நீள்வதையும் உடனிருந்து கண்டனர். இப்பொருளில் இதைவிடச் சிறந்த வகுப்பு இந்நகரில் நடந்ததாகச் சொல்வதற்கில்லை.

லஸ் முனையும் கோடம்பாக்கமும்

மேலைக் குறியீட்டைக் கற்க விரும்பியவர் மயிலாப்பூர் லஸ் பகுதியில் சாயி லாட்ஜில் தங்கியிருந்த தன்ராஜ் மாஸ்டரை நாடினர். பியானோ, கித்தார், ஹார்மனி, ஸ்கோர் எழுதும் முறை எல்லாம் அவரிடம் கிடைத்தன. இளையராஜா அவர் மாணவர், ஏ.ஆர். ரகுமானும் அவரிடம் பயின்றார். தேர்வுக்கு வழி அண்ணா சாலையிலிருந்த மியூசி மியூசிக்கல். 1842-இல் மிஸ்குயித் கடையாகத் தொடங்கிய இந்நிறுவனம் 1901 முதல் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளை இங்கு நடத்திவருகிறது. இளையராஜா அத்தேர்வில் கித்தாருக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர்.

ரகுமான் (பிறப்பு 1967) மேல்நிலை வகுப்பு வயதில் பள்ளியை விட்டார். படிப்பை முடிக்காமலே ஒலிப்பதிவுக் கூடங்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். கம்போசிங்கில் உட்கார்ந்து கவனிப்பது, ரீ-ரெக்கார்டிங்கில் படத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது, அரேஞ்சர் எழுதிய தாளைப் படி எடுப்பது ஆகியவையே அக்காலத்துப் பாடத்திட்டம். 1989-இல் அவர் வீட்டருகே அமைத்த பஞ்சதன் கூடமும், 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் அப்பாடத்திட்டத்தின் தொடர்ச்சி எனலாம். வசதியற்ற குடும்பப் பிள்ளைகளுக்கு மேலைக் கருவிகளைக் கற்பிக்கும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அவர் அறக்கட்டளையைச் சார்ந்தது.

தொழில்நுட்பம்

இசைத் தொழில்நுட்பம் கணினியோடு வந்தது என்பது தவறான எண்ணம். பாடகரின் சுருதியை 'ஒரு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று சொல்வது ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டே. ஒரு கட்டை மேலையர் சி, ஐந்து ஜி, ஐந்தரை அதற்கடுத்த கறுப்புக் கட்டை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. வித்துவான்களின் பேச்சில் கட்டை அப்போதும் இருந்தது. தம்புராவுக்கு மாற்றாக மின்னணுச் சுருதிப்பெட்டி 1970களின் இறுதியில் பெங்களூரிலிருந்து வந்தது. கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி முறை 1983-இல் உலக வழக்கானது.

இன்றைய மாணவர் எஃப்.எல். ஸ்டூடியோ, லாஜிக், பேண்ட்லேப் போன்ற மென்பொருள்களில் 'பீட் போட'த் தொடங்குகிறார். தாளத்தைப் பொறுத்தவரை இங்கே தடையில்லை. ஆதி தாள ஆவர்த்தனம் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு 4 மாத்திரையாக 32. மென்பொருள் திரையில் இது 4/4 கணக்கில் இரண்டு பார்; பாருக்கு 16 கட்டம். 'ததிங்கிணதொம்' என்னும் மிருதங்கச் சொற்கட்டு ஐந்து மாத்திரை. இருமுறை சொன்னால் 10. இதை மூன்று முறை வைத்து, நடுவே இரண்டிடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 32 நிறைந்து, அடுத்த சமத்தில் (ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில்) வந்து விழும். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) அரை இடம் தள்ளியிருக்கும் பாட்டுக்கு 34 வேண்டும். கார்வைகளை இரண்டிரண்டாக்கினால் போதும். மிருதங்கம் படித்த பிள்ளை இதை மனக்கணக்காகச் செய்யும். படிக்காத பிள்ளை திரையில் கட்டங்களை எண்ணிக் கண்டுபிடிக்கும். மிச்ர சாப்புக்கு 7/8 என்று குறித்தால் வேலை முடிந்தது.

இடர் கமகத்தில். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைத்துப் பெறுவது. திரையில் அதை ஒரு கட்டமாக நிறுத்தினால் தோடி போய்விடும். கீபோர்டின் பிட்ச் பெண்ட் சக்கரத்தைச் சுழற்றியோ, அதன் வளைகோட்டைத் திரையில் கையால் வரைந்தோ மாணவர் சமாளிக்கவேண்டும். கீபோர்டில் கர்நாடகக் கச்சேரி செய்யும் கே. சத்தியநாராயணன் கையாளும் வழி அச்சக்கரமே. எம். சுப்பிரமணியன் உருவாக்கிய காயக மென்பொருள், சுரத்தோடு கமகத்தையும் தட்டச்சு செய்தால் வாசித்துக் காட்டும். இசையமைப்பாளர் ரமேஷ் விநாயகம் கட்டங்களில் கமகம் எழுதும் முறை ஒன்றை வகுத்தார். பார்சிலோனாப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய ஆய்வுத் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்று, கச்சேரிப் பதிவுகளிலிருந்து ராகத்தின் வளைவுகளைக் கணினியால் பிரித்தறிய முயன்றது. 1904-இல் எட்டயபுரத்தில் அச்சுக்கோப்பவர் பட்ட பாடுதான் இது.

இன்றைய நிலை

மத்திய வாரியத்தின் மேல்நிலை வகுப்பில் கர்நாடக இசை விருப்பப் பாடம். மதிப்பெண்ணில் 70 செய்முறைக்கு, 30 எழுத்துக்கு. உருப்படியைச் சுரப்படுத்தி எழுதக் கேட்பார்கள், இயற்றக் கேட்பதில்லை. ஐ.எஸ்.சி. வாரியத்தில் மேலை இசையும் உண்டு. பன்னாட்டு ஐ.பி. பாடத்திட்டம் 2020 முதல் மாணவரை ஆய்வாளர், படைப்பாளர், நிகழ்த்துநர் என மூன்று நிலையில் மதிப்பிடுகிறது. அதை நடத்தும் பள்ளிகளின் கட்டணம் யாவரும் அறிந்ததே. இங்கிலாந்தில் இசைத் தொழில்நுட்பம் இசையிலிருந்து பிரிந்த தனிப்பாடம். 2017-இல் சென்னையை யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரமாக ஏற்றது. 2024-இல் ஐ.ஐ.டி.யில் இளையராஜா பெயரில் இசைக் கல்வி, ஆய்வு மையம் அறிவிக்கப்பட்டது. மற்றபடி தனிவகுப்புகள் பல. பத்தாம் வகுப்பு முடிந்ததும் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்காக அவற்றிலிருந்து நிற்பவரும் பலர்.