கருவுக்குப் பெயர் வைத்தவர்கள்

சில வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு மூன்றாம் மாதத்தில் கரு தங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டில் ‘அபோர்ஷன்’ என்று எழுதியிருந்தது. வீட்டில் அதை வாசித்தவர்களின் முகம் மாறியது. “நான் அழிக்கல்ல மாமி, அது தானாத்தான் போன” என்று அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

மருத்துவப் புத்தகத்தில் அந்தச் சொல் தானாகச் சிதைவதையும் குறிக்கும். ஊர்க் காதுக்கு அது வேண்டுமென்று கலைத்தது மட்டும்தான். தமிழிலோ கருச்சிதைவு, கருக்கலைப்பு என்று இரண்டு சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. சரியான சொல் இருந்தும் தேவையான இடத்தில் அது வந்து சேரவில்லை. ஏன் என்று தேடியபோதுதான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் நம் நாட்டு இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் தொடங்கிய படிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் படித்த வைத்தியர் பட்டணத்தில் அரசாங்க உத்தியோகம் தேடிப் போவார், தமிழில் படித்தவரே கிராமத்தில் இருப்பார் என்பது அவருடைய கணக்கு. மாணவர்களோடு சேர்ந்து நூல்களையும் ஆக்கினார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. அவர் வந்தது மதம் பரப்பவும்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கருப்பையையும் குழந்தையையும் பற்றிய மேலைத்தேய அறிவு தமிழில் பாடமானது அவருடைய உழைப்பால்தான்.

1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். உத்தியோகம் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தபோது தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை.

நம்முடைய வரலாற்றிலும் இதுபோன்ற ஒரு வேலை நடந்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க வைத்தியர் கேலனின் நூல்களை சிரியாக்குக்கும் அரபுக்கும் கொண்டுவந்தார். அவரும் கிறிஸ்தவர்தான். கேலனின் 129 நூல்களைப் பற்றிய குறிப்பை அவரே எழுதிவைத்திருக்கிறார். அதே நூற்றாண்டில்தான் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ வைத்தியரின் நடத்தை பற்றி ‘அதபுத் தபீப்’ என்ற நூலை இருபது அத்தியாயங்களில் அரபில் எழுதினார். உடம்பைப் பேசச் சொல் கிடைத்த மொழியில் வைத்தியரின் கடமையைப் பேசவும் நூல் வந்தது.

இனி நம் கரைக்கு வருவோம். உயர்தர வகுப்பு வரை நம் பிள்ளைகள் நுகம், முளையம், சூல்வித்தகம் என்று தமிழில் படிக்கிறார்கள். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்புக்குள் போனதும் எல்லாம் ஆங்கிலம். கரு ஏறக்குறைய ஆறாம் ஏழாம் நாளில் கருப்பைச் சுவரில் பதிவதையும், மூன்றாம் வாரத்தில் மூன்று படைகளாவதையும், எட்டாம் வார முடிவில் முக்கிய உறுப்புகள் அடித்தளம் பெறுவதையும் அந்த மொழியில்தான் படிக்கிறார்கள். நோயாளியின் சம்மதம் பற்றிய ஒழுக்கவியல் பாடமும் அதே மொழியில்தான். வார்ட்டில் காத்திருக்கும் தாய்க்கு அந்த மொழி தெரியாது. விளங்காமல் தலையாட்டினால் அது சம்மதமா?

இந்தக் கேள்வி நமக்குக் கூடுதல் கனமானது. ‘முஃமினூன்’ அத்தியாயம் நுத்ஃபா, அலகா, முழ்கா என்று படிப்படியாகச் சொல்கிறது. அலகாவை நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் இரத்தக்கட்டி என்றார்கள், சிலர் ஒட்டிக்கொண்டிருப்பது என்றார்கள். வஹியை விஞ்ஞானத்தால் நிரூபிக்க நான் இதைச் சொல்லவில்லை. ஒரு சொல்லைத் தமிழாக்க நம் ஆலிம்கள் எவ்வளவு யோசித்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஷாபிஈ மத்ஹபில், மனித உருவம் வெளிப்படாத கருவைத் துணியில் சுற்றி அடக்குவது சுன்னத்து. உருவம் வெளிப்பட்டு உயிரின் அடையாளம் இல்லாமல் வந்தால் குளிப்பாட்டி, கஃபனிட்டு அடக்க வேண்டும், ஜனாஸாத் தொழுகை இல்லை. உயிரின் அடையாளம் இருந்து மௌத்தானால் தொழுகையும் உண்டு. ஆக, வைத்தியர் என்ன கண்டார் என்று தெரியாமல் ஹஸ்ரத்தாலும் பதில் சொல்ல முடியாது. முளையவியலும் மார்க்கச் சட்டமும் ஒரு தாயின் கேள்வியில் சந்திக்கும் இடம் இது.

முன்பு நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சிக்கு முளையவியல் தெரியாது. அவள் கைக்கு எட்டாத ஆபத்தில் தாய்மார் மௌத்தானதும் உண்டு. அந்தக் காலத்துக்குத் திரும்ப யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னது வீட்டுக்கு விளங்கியது.

மருத்துவக் கல்வியை நாளைக்கே தமிழுக்கு மாற்று என்று நான் கேட்கவில்லை. அது நடக்கக்கூடிய காரியமும் அல்ல. நம் மருத்துவ மாணவர்களும் ஆலிம்களும் தமிழாசிரியர்களும் கூடியிருந்து, கர்ப்பம், சிதைவு, பிரசவம், சம்மதம் பற்றிய ஒரு சிறு சொற்கையேட்டையாவது ஆக்கலாமே! கிறீன் வந்தபோது அவர் கையில் ஒன்றுமில்லை. நமக்குச் சொற்களும் இருக்கின்றன, அவற்றைச் சொல்லக்கூடிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ‘கருச்சிதைவு’ என்ற ஒரு சொல் அந்தத் துண்டில் இருந்திருந்தால் எங்கள் பிள்ளைக்கு அன்றைக்கு அது போதுமாயிருந்திருக்கும்.