உபதேசியார் காட்டிய வாசல்

1662இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் ஜெபப் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது, அதுவரை இல்லாத ஒரு முறைமை அதில் சேர்ந்தது: வயது வந்தோருக்கான ஞானஸ்நான ஆராதனை. கைக்குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுத்துப் பழகிய நாடு அது. கடல்கடந்த குடியேற்றங்களில் உள்ள மக்களுக்கும் இந்த முறைமை உதவும் என்று புத்தகத்தின் முன்னுரை சொல்கிறது. அந்தப் பக்கங்களுக்கு மெய்யான வேலை வந்த இடங்களில் நெல்லைச் சீமை ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலிக்கன் சபைக்கு இங்கே அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர்கள் ஆங்கிலேயரே அல்லர். 1778இல் பாளையங்கோட்டையில் பிராமணக் கைம்பெண் குளோரிந்தா அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த மிஷனெரி சுவார்ட்ஸ், ஜெர்மானிய லுத்தரன். 1820இல் வந்த ரேனியஸும் ஜெர்மானியர்தான், சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கத்தின் ஊழியர். குருப்பட்டம், சபை ஒழுங்கு பற்றி இங்கிலாந்துத் திருச்சபையோடு அவருக்குக் கருத்து மோதல் முற்றி, 1835இல் சங்கம் அவரை விலக்கியது. ஊர்தோறும் வேதம் கற்பித்த உபதேசிமார் பலர் அவர் பின்னே போனார்கள். 1838இல் அவர் காலமானபின் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ‘நாம் எந்தச் சபை?’ என்ற கேள்வியே கிராமத்துக் கிறிஸ்தவர்களுக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

அதுவரை அவர்களுக்குச் சபை என்றால் உபதேசியார். குருவானவர் எப்போதாவது வருவார். உபதேசியார் ஊரோடு இருப்பார். பனையிறங்கி, குளித்து, பொழுது சாய்ந்து வருகிறவர்கள் கூரைக் கோயிலில் தரையில் உட்கார, அவர் ஒரு வரி சொல்வார். எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். எழுத்தறியாதவர்களுக்குக் காதுதான் புத்தகம். ஞானோபதேச வினாவிடை அதற்கென்றே அமைந்தது போல இருந்தது. அதன் முதல் கேள்வி கடவுளைப் பற்றியதல்ல, மாணவனின் பெயரைக் கேட்பது. அந்தப் பெயரை யார் இட்டார்கள் என்பது அடுத்தது. அங்கிருந்து விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தருடைய ஜெபம் என்று நடக்கும். சாக்கிரமெந்துகள் பற்றிய பகுதி 1604இல் சேர்ந்தது. ஆளை விசாரித்துவிட்டு விசுவாசத்துக்குப் போகும் இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். சேர்ந்து ஜெபிக்கப் பழகினால் விசுவாசம் தானே வேர்பிடிக்கும் என்பதுதான் ஆங்கிலிக்கன் மரபின் போக்கு.

ஜெபம் மட்டும் போதுமா? சபையில் சேர்ந்தவனுக்கு ஊர்க்கிணற்றில் தண்ணீர் மறுத்தால், வீட்டைக் கொளுத்தினால், அவன் எங்கே போவான்? இப்படித் துன்பப்பட்டவர்களுக்காகத் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்க, 1799இல் முதலூர் பிறந்தது. ரேனியஸ் காலத்தில், 1830இல், இதே வேலைக்குத் தரும சங்கம் தொடங்கியது. வேதபாடத்தோடு குடியிருக்க ஒரு மனையும் கொடுத்த சபை அது. 1877ஐ ஒட்டிய பெரும்பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. பசியோடு வந்தவனின் விசுவாசம் பொய்யாகிவிடும் என்று எந்தக் கற்பனையும் சொல்லவில்லை.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவின் தந்தையும், பஞ்சத்துக்கு வெகு முன்பே, சபைக்குப் புதிதாய் வந்தவர்; பின்னாளில் குருவானவரானார். மகன் 1912இல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அங்கே அவர் ஏற்படுத்திய ஒரு வழக்கம் சிந்திக்கத்தக்கது. ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலையில் தாமே கை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் தமக்குக் கேடு என்று பவுலின் சொற்களில் அறிக்கையிட வேண்டும். நேற்று வந்தவர் இன்றைக்கே சாட்சி. பத்து வருஷம் பின்வரிசையில் உட்காரவைத்துப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை.

1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன் சபையும் வேறு சபைகளும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் வந்த அதன் திருவிருந்து முறைமை, சமாதான வாழ்த்தைக் கைக்குக் கை கொடுத்துச் செல்லும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. பக்கத்தில் நிற்பவர் முன்பின் தெரியாதவராயிருந்தாலும் அவர் கையைத் தொட்டே ஆகவேண்டும். மற்ற நாட்டுச் சபைகளின் வழிபாட்டு அறிஞர்களும் இதை வியந்து பார்த்தார்கள்.

ஆனால் ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால்? வேலைக்காக ஊர் மாறி வந்த இளைஞரிடமும், திருமணமாகி வந்த மருமகளிடமும், வேறு சமயப் பின்னணியிலிருந்து தேடி வந்தவரிடமும் நாம் முதலில் கேட்பது “எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?” என்பதுதான். அதன் உட்பொருள் எல்லாருக்கும் தெரியும். திடப்படுத்தல் வகுப்பு பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உண்டு. நாற்பது வயதில் வருகிறவருக்குப் பாமாலை எது, கீர்த்தனை எது, எப்போது எழுந்திருப்பது என்று சொல்லித்தரக்கூட ஆளில்லை. நூறாண்டுப் பெருமை பேசும் சபைகளுக்கு இது அழகல்ல.

சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாய் வருகிறவர்களுக்கென்றே ஒரு மூப்பரையும் ஒரு சகோதரியையும் நியமியுங்கள். அவர்கள் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போகட்டும், ஜெபப் புத்தகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும், அசன விழாவில் தங்கள் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிடட்டும். சங்கக் காணிக்கைப் புத்தகத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.