உணவிற் கலந்த போமலின்: அதனைக் கண்டறியும் முறைகளின் வரலாறு

கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் மீனைக் கெடாது காத்தல் பழந்தொழிலாகும். உப்பும் வெயிலும் அதற்குத் துணைநின்றன. கருவாடு அதன் பயன். இம்முறையில் மறைவு யாதுமில்லை; உப்பை நா அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் உணவுச் சந்தையிற் புகுந்த போமலினோ அத்தகையதன்று. சிறிதளவு கலந்தவிடத்து நாவும் மூக்கும் அதனை எளிதில் உணரா. ஆகவே அதனை அறியும் பொறுப்பு ஆய்வுகூடத்தைச் சார்ந்தது.

போமல்டிகைட்டை 1859 இல் உருசிய இரசாயனர் பட்லரோவ் முதன்முதல் ஆக்கினார். எனினும் அது இன்னதென அவர் தெளிந்தாரல்லர். சில ஆண்டுகளின் பின் யேர்மனியரான ஹொவ்மன் அதனை ஐயமற நிறுவினார். அவ்வாயுவின் நீர்க்கரைசலே போமலின். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு போமல்டிகைட்டு உண்டு. புரதங்களைப் பிணித்து நுண்ணுயிர்களை அழிக்கும் அதன் ஆற்றலைக் கண்ட மேனாட்டு வணிகர் சிலர், பால் புளியாதிருக்க அதனைக் கலந்தனர். உண்போர் உடலுக்கு ஊறு விளைப்பதும் அவ்வாற்றலே.

இக்கலப்படத்தை வெளிப்படுத்திய சோதனைகளுட் புகழ்பெற்றது 1896 இல் ஒட்டோ ஹேனர் விளக்கியதாகும். பாலின் அடியில் அடர்ந்த சல்பூரிக்கமிலத்தை மெல்லச் செலுத்தினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றும். அமிலம் முற்றும் தூயதாயின் வளையம் தோன்றாது. இரும்பின் சுவடு வேண்டும். பாற்புரதத்திலுள்ள திரித்தோபன் என்னும் அமினோவமிலமே இந்நிறத்துக்கு ஏதுவென்பது பின்னர்ப் புலப்பட்டது. இதற்கு முன்னரே, 1866 இல், ஷிப் என்பார் நிறம் நீக்கிய மசெந்தாச் சாயத்தால் அலிடிகைட்டுகளைக் காட்டினார். ஆயின் அது அவ்வினத்துப் பொருள் பலவற்றுக்கும் நிறந்தருவது. போமல்டிகைட்டை மாத்திரம் தனித்துச் சுட்டாது.

உண்டோ இல்லையோ என்ற வினாவுடன் எத்தனை என்ற வினாவும் எழுந்தது. 1937 இல் ஈகிறீவ் குரோமொத்துரோப்பிக்கமிலத்தைப் பயன்படுத்தினார். உணவை அமிலத்துடன் காய்ச்சி வடித்த நீரில் அதனையும் சல்பூரிக்கமிலத்தையும் சேர்த்துச் சூடாக்க, செவ்வூதா நிறம் உண்டாகும். நிறத்தின் செறிவே அளவைக் காட்டும். 1953 இல் நாஷ் என்பார் அசெற்றைலசெற்றோனையும் அமோனியம் உப்பையும் கொண்டு மஞ்சள் நிறம் பெற்றார். கடுமையான அமிலம் வேண்டாத இம்முறை உயிர்ப்பொருள்களை ஆராய்வதற்கு மிக ஏற்றதாயிற்று.

மீனைப் பொறுத்தவரை அளவறிதலும் போதாது. கடல்மீனின் தசையில் இயல்பாகவுள்ள திரைமெதைலமீன் ஒட்சைட்டு சிதையுமிடத்து, போமல்டிகைட்டும் இருமெதைலமீனும் சம மூலக்கூற்று எண்ணிக்கையிற் பிறக்கின்றன. கொட் இன மீன்களிலும் பம்பாய் வாத்து என்னும் மீனிலும் இது மிகுதி. எனவே எவரும் கலவாத மீனிலும் நிறந் தோன்றலாம். இருமெதைலமீனையும் உடனளந்து ஒப்பிடின், பொருள் உள்ளே பிறந்ததா வெளியிலிருந்து வந்ததா என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

இவ்வேறுபாட்டின் அருமையை 2018 ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு யூன் மாதத்திற் கேரள அதிகாரிகள் எல்லைச் சாவடிகளில் மீன் வண்டிகளைச் சோதித்தனர். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆக்கிய தாட்சோதனை, சில நிமிடங்களில் நிறமாற்றத்தாற் போமலினைக் காட்ட உதவிற்று. அடுத்து வந்த யூலையிற் சென்னைச் சந்தை மீன்கள் பற்றி வெளியான முடிபுகளோ தம்முள் முரண்பட்டன. மீன் வாங்குவோரும் விற்போரும் ஒருங்கே கலங்கினர். விரைவுச் சோதனை ஐயத்தை எழுப்புதற்கு ஏற்றது. தீர்ப்புக்கு ஆய்வுகூட அளவீடே வேண்டும்.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற அலுவலர் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவர். குருநகரிலோ பருத்தித்துறையிலோ ஒரு கூடை மீன்மீது ஐயம் எழுமாயின், ஒருபுறம் உண்போர் உடல்நலமும் மறுபுறம் கடலோடிய குடும்பத்தின் பிழைப்பும் அம்முடிபில் தங்கியுள்ளன. நஞ்சைக் காணத் தவறுவதும் பிழை. இல்லாத குற்றத்தைக் காண்பதும் பிழை. ஹேனரின் ஊதா வளையந் தொட்டு இன்றுவரை வளர்ந்த முறைகள் யாவும் இவ்விரு பிழைகளையும் குறைக்க முயன்றவையே.