முதலீட்டுப் பணம் சிக்கிக்கொண்டால் யாரிடம் முறையிடுவது?

'வட்டி கிடையாது, மாதாமாதம் இலாபம், நடத்துபவர்கள் நம்மவர்கள்.' இப்படி அறிமுகமாகும் திட்டங்களில் பணத்தைப் போட்டுவிட்டு, அது வராமல் போனதும் எங்கே சொல்வது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றே மாதங்கள் ஓடிவிடுகின்றன. பேச்சு நடக்கட்டும்; புகாரும் கையோடு போகட்டும்.

பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட், பங்குத் தரகர் தொடர்பான புகார் என்றால் செபி. முதலில் நிறுவனத்துக்கே எழுத வேண்டும். தீராவிட்டால் செபியின் 'ஸ்கோர்ஸ்' இணையதளத்தில் பான் எண்ணுடன் பதிவு செய்து புகார் அளிக்கலாம். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் அளித்துவிட வேண்டும். நிறுவனம் 21 நாட்களில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் திருப்தி தராவிட்டால் 15 நாட்களுக்குள் மறுஆய்வு கேட்கலாம், அதன் பிறகு இன்னொரு முறையும் கேட்கலாம். முதல் பதிலிலேயே சோர்ந்து விட்டுவிடுவோர்தான் அதிகம். கட்டணமில்லா உதவி எண்: 1800 266 7575.

வங்கி, நகைக்கடன் நிறுவனம் போன்றவை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் எல்லைக்குள் வரும். நிறுவனத்துக்கு எழுதி 30 நாட்களில் பதில் இல்லையென்றால் அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

நம்மை அதிகம் காயப்படுத்துவது இந்த இரண்டிலும் சேராதவை. பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் மூடப்பட்டபோது, 'ஹலால் முதலீடு' என்று நம்பிப் பணம் போட்ட பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. அங்கே பணம் கொடுத்தவர்களை 'டெபாசிட்தாரர்' என்று எழுதாமல் 'பங்குதாரர்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு வார்த்தைதான், ஆனால் டெபாசிட் சட்டங்களின் பிடியிலிருந்து நழுவ அதுவே வழியானது. ஆகவே கையெழுத்திடும் தாளில் நம்மை என்னவென்று குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் ஜி.எஸ்.டி. சான்றிதழோ கம்பெனிப் பதிவோ பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கான அனுமதி அல்ல. ஹலாலா என்று ஆலிமிடம் கேட்பது ஒரு கேள்வி. அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'சாசெட்' தளத்தில் பார்ப்பது வேறொரு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய மோசடிகளை விசாரிப்பது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு. முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும், முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர வழி செய்கின்றன.

புகார் ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில், எவ்வளவு, யாரிடம், எந்த வழியில் கொடுத்தோம், எதுவரை இலாபம் வந்தது, இப்போது கேட்பது என்ன. கோபமும் சாபமும் அதில் வேண்டாம். அதிகாரி தேடுவது தேதியையும் தொகையையும்தான். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றின் நகல்களை மட்டும் இணைத்து, அசலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்தில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. 'பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார், அதுவே நமக்கும் சேர்த்துத்தான்' என்று இருந்துவிடவும் கூடாது. பின்னாளில் பணம் பிரித்துத் தரப்படும்போது பார்ப்பது பட்டியலில் உள்ள பெயர்களை. கணவர் வெளிநாட்டில் இருந்து, பணம் மனைவி பெயரில் போடப்பட்டிருந்தால், புகாரும் மனைவியின் பெயரிலேயே இருக்க வேண்டும்.