ஒரே ஆட்டத்தோடு முடிந்திருக்க வேண்டியவர்: சா பம்-குன்

வெளிநாட்டில் கலக்கிய கொரியக் கால்பந்து வீரர் என்றால் பலருக்கும் பார்க் ஜி-சுங், சன் ஹுங்-மின் பெயர்கள்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்கு வெகு முன்பே ஜெர்மனியைக் கலக்கியவர் சா பம்-குன்.

1978 டிசம்பரில் டார்ம்ஸ்டாட் அணிக்காகக் களமிறங்கினார். ஒரே ஒரு ஆட்டம்தான்! விமானப்படையில் கட்டாய ராணுவ சேவை இன்னும் பாக்கி என்று தென்கொரியா திரும்ப அழைத்துக்கொண்டது. வேறொருவராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சா, சேவையை முடித்துவிட்டு 1979இல் மறுபடி வந்தார். இம்முறை ஃபிராங்க்ஃபர்ட் அணி. முதல் சீசனிலேயே யூஏஃபா கோப்பை.

அதே 1980இல் லெவர்குசன் வீரர் ஒருவர் மோதியதில் முதுகெலும்பில் பலத்த காயம். வேடிக்கை என்னவென்றால், 1983இல் அவர் சேர்ந்ததே லெவர்குசனில்தான். மோதியவரும் அங்கேயே இருந்தார், சக ஆட்டக்காரராக!

1988 யூஏஃபா கோப்பை இறுதிப்போட்டி. முதல் ஆட்டத்தில் எஸ்பான்யோலிடம் 0-3 தோல்வி. சொந்த மண்ணில் லெவர்குசன் இரண்டு கோல் போட்டுவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும். 81ஆவது நிமிடத்தில் சா தலையால் முட்டி அதையும் போட்டார். பெனால்டி ஷூட்-அவுட்டில் கோப்பை லெவர்குசனுக்கு.

1989இல் ஓய்வு பெற்றபோது ஜெர்மன் லீக்கில் 308 ஆட்டங்கள், 98 கோல்கள். அதில் ஒன்றுகூட பெனால்டி கிடையாது. நாலைந்து பெனால்டியைக் கேட்டு வாங்கி அடித்திருந்தால் நூறைத் தாண்டியிருப்பார்.